கல்லடிப் பாலத்தடித் தேநீர்க்கடை: ஐந்தரைக்கு முன் போகவேண்டாம்

மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்டவுள்ள இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. விடிய ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். நான் முதன்முதலாக அங்கே போனதற்கும் அதுவே காரணம்.

2023 ஏப்ரல் 5, புதன்கிழமை. தங்கையின் மகள் சிகாகோவில் இருக்கிறாள். அங்கே மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்று. அவர்களுக்கு இரவு ஏழு மணிக்கு வாக்களிப்பு முடிந்தால் நமக்குக் காலை ஐந்தரை. என் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. கடை வாங்கில், வாவியைப் பார்த்து உட்கார்ந்தால் தாராளமாகக் கிடைக்கிறது.

முதல் பிளேன்டீ வாயில் வைக்க முடியவில்லை. கேத்தலின் அடிச்சாயத்தில் வெந்நீர் ஊற்றியது. "பொறுங்கள் மாஸ்டர், ஐந்தரைக்குப் புதுச்சாயம் போடுவேன்" என்றார் முதலாளி. இஞ்சி தட்டிப்போட்டு வந்த இரண்டாவது கிளாஸுக்காகத்தான் இன்றைக்கும் போகிறேன்.

சிகாகோவில் பெப்ரவரி 28இல் நடந்த முதற்சுற்றில் ஒன்பது பேர் போட்டியிட்டார்கள். பதவியிலிருந்த மேயர் லோரி லைட்ஃபுட் மூன்றாமிடத்தில் விழுந்தார். போல் வாலஸுக்குச் சுமார் 33 வீதம், பிராண்டன் ஜோன்சனுக்குச் சுமார் 22. பாதியை யாரும் தாண்டாததால் இவர்கள் இருவருக்கும் மட்டும் மறுபடி வாக்களிப்பு. இதை நான் விளக்க, வடை சுட்டுக்கொண்டிருந்த அக்கா, "முந்தியவருக்கே கொடுத்திருக்கலாமே, இரட்டைச் செலவு எதற்கு?" என்றார். நான் இரண்டாம் தடவை இடியப்பம் வாங்கும்போது ஜோன்சன் வென்றுவிட்டார். கடைசிக் கணக்கில் 52 வீதம். அக்கா சற்று யோசித்து, "அப்படியென்றால் தோற்ற ஏழு பேருடைய ஆட்கள்தான் தீர்த்துவைத்திருக்கிறார்கள்" என்றார். நான் படிப்பித்த காலத்தில் இவ்வளவு சுருக்கமாகப் பதில் எழுதிய பிள்ளைகள் குறைவு.

"எங்கள் மேயர் இப்போது யார்?" என்று முதலாளி கேட்டார். வாங்கில் சத்தமில்லை. மாநகர சபையின் காலம் மார்ச்சிலேயே முடிந்திருந்தது. மார்ச் 9 என்றிருந்த உள்ளூராட்சித் தேர்தல் ஏப்ரல் 25க்குத் தள்ளி, அன்றும் நடக்காமல், 2025 மே 6இல்தான் நடந்தது. எங்களுக்கு முதற்சுற்றுக்கே அவ்வளவு காத்திருப்பு.

இடியப்பம் நூல்போல மெல்லிது, சொதியில் தேசிக்காய் அளவாக விழுந்திருக்கும், சம்பல் கண்ணில் நீர் வரவைக்கும். உளுந்து வடை எண்ணெய் குடித்தது. அக்காவிடம் சொன்னால் கோபிப்பார், சொல்லிப் பார்த்துவிட்டேன். மீதிக் காசுக்கு டொபி தரும் பழக்கத்தை முதலாளி இன்னும் விடவில்லை. சில்லறை கொண்டுபோங்கள்.