பழைய பைத்தானா, புதிய பைத்தானா?

காலியான ஒரு பழைய கோல்ட் பைத்தான் ரிவால்வரின் விசையை முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளையை, விரலால் ஆட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ளது என்றால் இம்மியும் அசையாது. அமெரிக்காவில் இதை வைத்திருப்பவர்கள் வங்கிப் பெட்டகத்தின் கதவோடு ஒப்பிடுவார்கள். 1955இல் 125 டாலருக்கு வந்த துப்பாக்கி இது. உள்ளே இருக்கும் பாகங்களைத் தேர்ந்த கைகள் அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தின. வெளியே 'ராயல் ப்ளூ' பூச்சு. வெளிச்சத்தில் சாய்த்தால் கருநீலத்தில் முகம் தெரியும். அந்த மெருகு பூச்சில் இல்லை, அதற்கு முன் இரும்பைப் பளபளப்பாக்கிய உழைப்பில் இருக்கிறது.

ஆனால் அந்த இறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. சுடும் நொடியிலும் சிலிண்டரை ஒரு சிறு நெம்புகோல் அழுத்திக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் சுடச் சுட அதன் முனை தேயும். சிலிண்டர் பூட்டிக்கொள்வது தாமதமாகும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலர். விசையும் இழுக்க இழுக்கக் கடைசியில் கனக்கும்.

2020இல் கோல்ட் இதைத் திரும்பக் கொண்டுவந்தது. துருப்பிடிக்காத எஃகு, குறைந்த பாகங்கள், குறிபார்க்க உதவும் பின்குறிக்குக் கீழே கூடுதல் உலோகம், விலை 1,499 டாலர். முதலில் வந்தவற்றில் சில ஒழுங்காகச் சுழலவில்லை என்ற புகார்கள் எழுந்தன. பழைய பைத்தான் பிரியர்கள் "அப்பவே சொன்னோமே" என்றார்கள். அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, அந்த நீலம் 2020இல் வந்ததில் இல்லைதான். ஆனாலும் புதியதன் விசை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக வருகிறது. வலுவான மேக்னம் தோட்டாக்களை வாராவாரம் சுடுகிறவருக்குப் புதியதுதான் சரி என்பேன். பழையதை அப்படிச் சுட்டுத் தேய்ப்பது பாவம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் மாடல் 19 ரிவால்வரின் கதை வேறு. இதுவும் 1955தான். அமெரிக்க எல்லைக் காவல்படையின் பில் ஜோர்டான் கேட்டுக்கொண்டதால், அந்நிறுவனத்தில் அதுவரை பெரிய உடற்சட்டத்தில் மட்டுமே வந்த .357 மேக்னத்தை நடுத்தர உடற்சட்டத்தில் அடக்கினார்கள். இடுப்பில் சுமக்கச் சுகமாக இருந்தது. அதற்காகக் குழலின் பின்வாயில், அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாகச் சீவ வேண்டியிருந்தது. எடை குறைந்த, வேகமான 125 கிரெய்ன் மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டவர்களுக்கு விரிசல் விட்டது அந்த இடத்தில்தான். 1999இல் நிறுத்தி 2018இல் திரும்பவும் கொண்டுவந்தபோது அந்தச் சீவல் இல்லை. பொறியியலாகப் பார்த்தால் புதியது வலுவானது.

அப்புறம் ஏன் பழையதைத் தேடுகிறார்கள்? 2018இல் வந்ததன் இடப்பக்கம், சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே இருக்கும் சாவித் துளைதான் காரணம். 2000இல் அந்நிறுவனம் கிளின்டன் அரசோடு துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிச் செய்துகொண்ட உடன்பாடு வாங்குபவர்களைக் கொதிக்க வைத்தது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் பூட்டுத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. ரிவால்வருக்குள்ளேயே பூட்டு வந்தது. அந்தத் துளையைக் கிளின்டனின் மனைவி பெயரால் 'ஹிலாரி ஓட்டை' என்று இன்னும் திட்டுகிறார்கள். பூட்டு தானாக விழுந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு அளவுக்கு மீறியது என்றே நினைக்கிறேன். அழகைக் கெடுக்கிறது என்பதை மட்டும் மறுக்க முடியாது. அழுத்தம் குறைந்த .38 தோட்டா மட்டும் சுடுபவர் தயங்காமல் பழைய மாடல் 19 வாங்கலாம். அந்த அழுத்தத்துக்கு அது நீண்ட காலம் தாங்கும்.

பழையது எதுவானாலும் ஒரு சோதனை செய்யாமல் பணத்தை நீட்டாதீர்கள். காலி என்று உறுதிசெய்துவிட்டு, சிலிண்டரில் ஒரு விரலை லேசாக வைத்தபடி துப்பாக்கியின் பின்னால் இருக்கும் சுத்தியலை மிக மெதுவாகப் பின்னிழுங்கள். சுத்தியல் நிற்பதற்குள் சிலிண்டர் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் பாருங்கள். ஒன்றில் பிந்தினாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.