லேக் டிஸ்ட்ரிக்டா, நார்த்தம்பர்லண்டா?

லண்டன் பார்த்தாயிற்று, வட இங்கிலாந்துக்கு நான்கு நாள் கையில் இருக்கிறது என்றால் பெரும்பாலோர் யோசிக்காமல் லேக் டிஸ்ட்ரிக்டுக்கு டிக்கெட் போடுகிறார்கள். ஏரியும் மலையும் அங்கே அருமைதான்; 2017-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால் ஆகஸ்டில் வின்டர்மியர் சாலையில் கார் ஊர்ந்துதான் போகும். கிழக்குக் கரையில் ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் நார்த்தம்பர்லண்டுக்கு அந்த நான்கு நாளைக் கொடுங்கள் என்பதே எங்கள் கட்சி.

மலையேறத்தான் போகிறீர்கள் என்றால் பேச்சே வேண்டாம், லேக் டிஸ்ட்ரிக்ட்தான். அங்குள்ள ஸ்கேஃபெல் பைக் சிகரம் 978 மீட்டர். நார்த்தம்பர்லண்டின் உயரமான செவியட் 815 மீட்டர், உச்சியும் தட்டையான சதுப்பு. கார் இல்லாதவர்களுக்கும் லேக் டிஸ்ட்ரிக்டே வசதி: ஆக்சன்ஹோமில் ரயில் மாறி வின்டர்மியரில் இறங்கினால் ஆம்பிள்சைட், கிராஸ்மியருக்குப் பஸ் உண்டு. மழையில் நிலைமை தலைகீழ். மேற்கிலிருந்து வரும் மேகம் அந்த மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் கிழக்குக் கரைக்கு மிச்சம் குறைவு. குளிர்காற்றும் திடீர்க் கடல்மூடுபனியும் உண்டு. கோடையிலும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் வேண்டும்.

வரலாற்றில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கி.பி. 122-இல் ரோமானியர் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவர் 117 கி.மீ.; அதன் கம்பீரமான பகுதி நார்த்தம்பர்லண்டில், பாறை முகட்டின் மேல் ஓடுகிறது. ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் படைவீரர்களின் பொதுக் கழிப்பறை, தண்ணீர் ஓடிய கால்வாயோடு இன்றும் தெரிகிறது. சற்றுத் தெற்கே விண்டோலாண்டாவில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரத் தகடுகளில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் இருக்கின்றன. கிளாடியா செவெரா என்ற பெண் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதம் ஒன்று. இன்னொரு தகட்டில் ஒரு வீரன் பெயருக்கு நேரே மிளகுக்கு 2 டினாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) என்று கணக்கு. ரோமுக்கு மிளகு ஏற்றுமதியான முக்கியத் துறைமுகம் சேர நாட்டு முசிறி. நம் மிளகு அந்தக் குளிர்காடு வரை போயிருக்கிறது.

டிக்கெட்டில் ஒரு சிக்கல். பழைய சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் வெளிநாட்டவர் பாஸ் ஹவுஸ்டெட்ஸ், செஸ்டர்ஸ், டன்ஸ்டன்பரோ கோட்டைகள், லிண்டிஸ்ஃபார்ன் மடம் எல்லாவற்றுக்கும் செல்லும். விண்டோலாண்டா, பாம்பரோ, ஆனிக் கோட்டைகளுக்குச் செல்லாது. குளிர்காலத்தில் ஆனிக் கோட்டையே மூடியிருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, சுவரையும் கடற்கரையையும் ஒரே ஊரில் தங்கிப் பார்க்க நினைப்பது. கடற்கரையின் வடகோடியிலுள்ள பெர்விக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் போக காரிலேயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு இரவு சுவர்ப் பக்கம் ஹெக்ஸமில், இரண்டு இரவு கடற்கரைப் பக்கம் ஆனிக் அல்லது சீஹவுசஸில் என்று பிரியுங்கள். ஹெக்ஸமுக்கு நியூகாசில்–கார்லைல் ரயில். சுவரோரம் ஏடி122 பஸ், கடற்கரையில் எக்ஸ்18. குளிர்காலத்தில் பஸ் குறைவு. அப்போது கார் இல்லாமல் இறங்காதீர்கள்.

லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 635-இல் ஏய்டன் என்ற துறவி மடம் நிறுவிய இடம், 793-இல் வைக்கிங்குகள் சூறையாடிய இடம். போகும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். ஏறத்தாழ உச்ச ஓதத்துக்கு (கடல் ஏற்றத்தின் உச்சத்துக்கு) இரண்டு மணி நேரம் முன்பே மூடி, அது கடந்து மூன்றரை மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே நேற்றைய நேரம் உதவாது. நார்த்தம்பர்லண்ட் கவுண்டி கவுன்சிலின் அட்டவணையைப் பார்த்த பிறகே ஓட்டல் போடுங்கள்.

கார்கள் ஏன் மாட்டுகின்றன? தண்ணீர் எதிரே வராது, பக்கவாட்டில் ஏறும். சாலையின் தாழ்வான இடம் நிலப்பக்கத்துப் பாலத்தருகே இருப்பதால் தீவிலிருந்து புறப்படும்போது முன்னால் காய்ந்த சாலைதான் தெரியும். பாதி தூரம் வந்த பிறகுதான் கடல். பலத்த காற்றடித்தால் அட்டவணைக்கு முன்பே ஏறிவிடும். அங்கே மரக்கால்களில் நிற்கும் வெள்ளைக் குடிசை, காரை விட்டுவிட்டு ஏறி உயிர் தப்பத்தான். கடைசி அரை மணியை நம்பாமல் கிளம்புங்கள்.

ஃபார்ன் தீவுகளின் பஃபின் பறவைகளுக்காக வருபவர்கள் மே முதல் ஜூலை நடுப்பகுதிக்குள் வர வேண்டும்; ஆகஸ்டில் அவை கடலுக்குப் போய்விடும். சீஹவுசஸ் படகு, அலை கூடினால் ரத்தாகும். டிக்கெட்டைக் கரையில் தங்கும் முதல் நாளுக்கே எடுங்கள். மறுநாள் கையிருப்பில் இருக்கும்.