பற்றாக்குறைக்குக் காரணம் யுவானா, அமெரிக்கச் செலவா?

சீனாவுடன் அமெரிக்காவுக்கு இருக்கும் வர்த்தகப் பற்றாக்குறைக்கு, அதாவது விற்பதைவிட அதிகமாக வாங்குவதால் வரும் இடைவெளிக்கு, இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது பெய்ஜிங்கைக் குற்றவாளியாக்குகிறது: 2005 ஜூலை வரை தன் நாணயமான யுவானை, டாலருக்குச் சுமார் 8.28 யுவான் என்று பிடித்துவைத்துத் தன் சரக்கை மலிவாக்கிக்கொண்டது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2014 தொடக்கத்தில் டாலர் 6.1 யுவான் அளவுக்கு இறங்கி, யுவான் வலுவான பிறகும் பற்றாக்குறை பெருகியது. 2018இல் சரக்கு வர்த்தகத்தில் மட்டும் சுமார் 41,900 கோடி டாலர்.

இரண்டாவது, வாஷிங்டனுக்குக் கசக்கும் விளக்கம். வரவுக்கு மேல் செலவழிக்கும் நாடு மீதியை வெளியே வாங்கித்தானே ஆக வேண்டும்? சரக்கு விற்றுக் கிடைத்த டாலரைக் கொண்டே சீனா அமெரிக்கக் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. மளிகைக்கடைக்காரரே கைமாற்றும் கொடுத்த கதை. சீனச் சரக்கின் மீது அமெரிக்கா 2018இல் போடத் தொடங்கிய கூடுதல் வரிகளுக்குப் பிறகு, 2023இல் சீனாவுடனான பற்றாக்குறை சுமார் 27,900 கோடியாகக் குறைந்தது. வியட்நாம், மெக்சிகோ பக்கம் ஏறிவிட்டது! மொத்தச் சரக்குப் பற்றாக்குறை அப்போதும் ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல். என் ஓட்டு இந்த இரண்டாவது விளக்கத்துக்கே.

கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு. 2009இல் ஒரு ஐபோனின் தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர். சீனாவில் பாகங்களைப் பொருத்தும் கூலி 6.50 டாலர்தான். சுங்கப் புள்ளிவிவரமோ முழுத் தொகையையும் சீனாவின் பெயரில் எழுதியது.