வாடி ரம் பாறையேற்றத்துக்கு ஆன்லைனில் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

480 ஜோர்டான் தினார். திர்ஹாமில் ஏறக்குறைய 2,480. எனக்கும் என் நண்பனுக்கும் சேர்த்து மூன்று நாள் பாறையேற்றத்துக்கு என்று முழுதாக முன்பணம் கட்டினோம். அந்த மூன்று நாளில் ஒரு முழ உயரம்கூட நாங்கள் ஏறவில்லை. நேற்று ராத்திரிதான் ஷார்ஜா வந்து இறங்கினோம், பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வயிறு எரிகிறது. அடுத்த மாதம் போகலாம் என்று யாராவது இதே மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அதனால்தான் தூக்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. வங்கியில் புகார் நிலுவையில் இருக்கிறது. உலகம் முழுக்க டூர், கைடு, டிக்கெட் விற்கிற வகை இணையதளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கடை போட்டிருக்கும் ஓர் ஏஜென்ட்டிடம்தான் இந்த பேக்கேஜை எடுத்தோம்.

வாடி ரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோர்டானின் தெற்கில், அகாபாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். சிவப்பு மணலுக்கு நடுவில் செங்குத்தாக எழும்பி நிற்கிற மணற்கல் மலைகள். அடியில் கருங்கல், அதன் மேல் செம்பழுப்பு மணற்கல், உச்சியில் வெளுத்த குவிமாடங்கள். 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள பெதூயின் (பாலைவன நாடோடி இன) வேட்டைக்காரர்கள் மலையாட்டைத் துரத்திக்கொண்டு கயிறே இல்லாமல் ஏறிய வழிகள்தான் இன்றைக்கு உலகப் பாறையேறிகள் தேடி வருகிற பாதைகள். 1984இல் இங்கிலாந்திலிருந்து டோனி ஹோவார்டும் அவர் கூட்டாளிகளும் வந்து, உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து ஏறி, அந்த வழிகளை எழுதிவைத்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அங்குள்ள ஜெபல் ரம் மலையின் உச்சிக்குப் போகிற பாதைகளில் ஒன்றுக்கு ஹம்மாத் பாதை என்றும், இன்னொன்றுக்கு ஷேக் ஹம்தான் பாதை என்றும் பெயர். ஏறிய மனிதர்களின் பெயர்கள் இவை. நாங்கள் ராஸ் அல் கைமா பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறிப் பழகியவர்கள். ஹம்மாத் பாதையில் ஒரு தடவையாவது கால் வைக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அந்த ஆசையை வைத்துத்தான் காசு பார்த்திருக்கிறார்கள்.

நாங்கள் எப்படி நம்பினோம் என்பதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அடுத்து உங்களிடமும் இப்படித்தான் பேசுவார்கள்.

பணம் கட்டும் முன் வீடியோ காலில், எங்களை ஏற்றப்போகிற கைடு என்று ஒருவர் வந்தார். முதல் கேள்வியே, இதுவரை என்னென்ன ஏறியிருக்கிறீர்கள், கயிற்றை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக முன்னால் ஏறிப் பழக்கமா, மேலிருந்து பிடிக்கும் கயிற்றில் பின்னால் மட்டும் ஏறுவீர்களா என்றுதான். சும்மா பணம் பிடுங்க வந்தவன் இதையெல்லாம் கேட்க மாட்டான் என்று தோன்றியது. ஹம்மாத் பாதையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் வேலை, வரிசையாகக் கயிற்றில் இறங்க வேண்டும், இரண்டு கயிறு வேண்டும், விடியும் முன் கிளம்ப வேண்டும், ஆளுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று எல்லாம் சரியாகச் சொன்னார். பின்னால் சுவரில் புதுக் கயிறு சுருட்டித் தொங்கியது. கேமராவைத் திருப்பி ஹெல்மெட்டுகளைக் காட்டினார். பிறகு, நாங்கள் கேட்காமலே, மழை பெய்தால் பாறையில் கால் வைக்க விடமாட்டேன், வேறு நாள் தருவேன், முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தருவேன் என்றார். அந்த ஒரு பேச்சில்தான் என் மனம் முழுதாகச் சாய்ந்தது. மணற்கல்லைப் பற்றித் தெரிந்த ஆள் மட்டும்தான் மழையைப் பற்றித் தானாக வாயைத் திறப்பார். அதையே அந்தத் தளத்தின் சாட்டில் ஏஜென்ட்டும் எழுத்தில் கொடுத்தார். அது இன்னும் என் போனில் இருக்கிறது. அன்று ராத்திரியே 480 தினாரையும் கார்டில் கட்டினோம், வெளியே எங்கும் இல்லை, அந்தத் தளத்திலேயே.

ரம் கிராமத்தில் போய் இறங்கினால், வந்தது வேறு ஆள். வீடியோவில் பேசியவர் இன்னொரு குழுவோடு போயிருக்கிறார், நாளைக்கு வந்துவிடுவார் என்றார்கள். வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான், ஜீப் நன்றாக ஓட்டினான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் கைடு அட்டை இல்லை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களே, சர்வதேச மலை வழிகாட்டிச் சான்றிதழ் என்று? கேட்டதற்கு, அது ஆபீஸில் இருக்கிறது என்றான்.

முதல் நாள் பயிற்சி என்று ஒரு சின்னப் பாறைக்குக் கூட்டிப்போனான். பின்பக்கமாக நடந்தே மேலே போய்விடலாம், அங்கிருந்து கயிற்றில் இறங்கிப் பழகுவது என்று ஏற்பாடு. மேலே ஒரு கல்லைச் சுற்றி நைலான் ஸ்லிங், அதாவது கயிற்றை மாட்டும் நாடா வளையம், கட்டியிருந்தது. அதில்தான் கயிற்றை மாட்டப் போனான். நண்பன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். முடிச்சுக்கு அடியில், வெயில் படாத இடத்தில் மட்டும் நல்ல சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெளுத்து, அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் நார் பொடியாக விரலில் ஒட்டியது. பாலைவன வெயிலில் நைலான் எத்தனை காலம் கிடந்தால் இப்படி ஆகும் என்பது ஏறுகிற எவருக்கும் தெரியும். மாற்று ஸ்லிங் இருக்கிறதா என்றோம். இல்லை. எங்களுக்குக் கொடுத்த ஹார்னெஸில் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையில்) லேபிள் முழுக்க அழிந்து, எந்த வருடம், எந்தத் தரம் என்று ஒன்றும் படிக்க முடியவில்லை. கயிற்றைக் கையில் ஓட்டிப் பார்த்தால் ஓர் இடத்தில் உள்ளே நொடிந்து தட்டையாக இருந்தது. வீடியோவில் சுவரில் தொங்கிய கயிறு இது இல்லை.

“மச்சி, இதுல நான் தொங்க மாட்டேன்டா. நீயும் தொங்காத,” என்றான் நண்பன். அவனுக்குக் கை நடுங்கியது. அவன் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது.

அந்தப் பையனோ, போன வாரம்கூட இதிலேதான் ஆட்களை இறக்கினோம், ஒன்றும் ஆகவில்லை என்றான். போன வாரம் யாரை இறக்கினார்களோ, அவர்களுக்குத் தெரியுமா தாங்கள் எதில் தொங்கினோம் என்று? எனக்கு இன்னும் அது மனதை அறுக்கிறது.

ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். கவலைப்படாதீர்கள், நாளைக்கு மெயின் கைடு புதுச் சாமானோடு வருவார் என்றார்.

அன்றைக்கு ராத்திரி மழை. அந்தப் பக்கம் அடிக்கடி பெய்யாது, ஆனால் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெய்யும். கூடாரத்தில் நல்ல சத்தம் கேட்டது. காலையில் அதே பையன், அதே கயிறு. வானம் தெளிந்துவிட்டது, வாருங்கள், இன்றைக்கே ஹம்மாத் பாதைக்குப் போகலாம் என்கிறான்!

இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சுண்ணாம்புப் பாறையோ கருங்கல்லோ மழை நின்று மேல் ஈரம் காய்ந்தால் ஏறலாம். மணற்கல் அப்படி இல்லை. மணல் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பு தண்ணீரில் இளகிவிடும். மேல்தோல் வெயிலில் சீக்கிரம் காய்ந்து பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். நேற்று வரை உங்கள் முழு எடையையும் தாங்கிய பிடி இன்றைக்குக் கையோடு பெயர்ந்து வரும். விழுந்தால் தாங்குவதற்காக வெடிப்பில் செருகிய காம், நட் என்கிற உலோகச் சாமான்கள் எல்லாம் இழுத்த இழுப்பில் சுற்றியுள்ள கல்லைப் பொடியாக்கிக்கொண்டு வெளியே வரும். பாறை அடிவாரத்து மணலைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால் அன்று ஏறக்கூடாது. குறைந்தது ஒரு முழு நாள், பெரிய மழை என்றால் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்காமல் ஏறினால் பாதையும் பாழாகும். உடைந்த பிடி திரும்ப முளைக்காது.

நான் தோண்டிக் காட்டினேன். உள்ளங்கையில் உருண்டை பிடிக்கிற அளவுக்கு ஈரம். பையன் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். மழைக்குப் பணம் திரும்ப என்று தானே எழுதிக்கொடுத்த அதே மனிதர், நீங்கள் ஏற மறுக்கிறீர்கள், எங்கள் ஆள் தயார், ஆகவே இது உங்கள் பக்க ரத்து என்கிறார். ஒரு வார்த்தை மாறாமல் மூன்று முறை இதையே சொன்னார். கத்தினேன். வைத்துவிட்டார். அன்று ஜீப்பில் அங்கே இங்கே சுற்றிக்காட்டி, இயற்கையாகவே பாலம் போல வளைந்து நிற்கும் புர்தா பாறைப் பாலத்தைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுக் கூடாரத்தில் விட்டான். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. அனுப்பிய மெசேஜில் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

அந்த மூன்றாம் நாள், கிராமத்தில் உண்மையாகவே மலையேற்றிவிடும் ஒரு பெரியவரைப் பார்த்தோம். அவர் எங்களுக்குக் கடன்பட்டவர் இல்லை, ஆனாலும் உட்காரவைத்து டீ கொடுத்து, நாங்கள் எடுத்த கயிறு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையாட்டினார். ஈரம் காயாமல் தானும் ஏறப்போவதில்லை என்றார். தன் ஸ்லிங்குகளைக் கொண்டுவந்து காட்டினார், ஒவ்வொன்றிலும் வாங்கிய வருடம் எழுதியிருந்தது. வாடி ரம் என்றாலே மோசடி என்று யாரும் எழுதாதீர்கள். அந்த மண்ணில் பிறந்து அந்தப் பாறையை உள்ளங்கை போல அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பிலும்தான் இந்த ஏஜென்ட்டுகள் மண்ணைப் போடுகிறார்கள்.

இப்போது அந்த இணையதளத்தின் கதை. சாட்டில் புகார் போட்டேன். அன்பான வாடிக்கையாளரே, உங்கள் மன வருத்தம் புரிகிறது என்று ஆரம்பித்தார்கள். அடுத்த ஆள் வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கேட்டார். அதற்கடுத்தவர், வழங்குநர் உங்களை ஏற்றிக்கொண்டார், வாகனம் கொடுத்தார், தங்கவைத்தார், ஆகவே சேவை வழங்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றார். ஐயா, நான் 480 தினார் கட்டியது ஜீப்புக்கு இல்லை, பாறை ஏற! மழைக்கு முழுப் பணம் என்ற சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அதுவும் அவர்கள் தளத்திலேயே எழுதிய சாட். பதில்: விளம்பரப் பக்கத்தில் உள்ள நிபந்தனைகள் மட்டுமே செல்லும், சாட்டில் பேசியது சேராது. வெளுத்த ஸ்லிங் போட்டோவுக்கு, பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம் என்ற ஒரு வரி. அதோடு சரி. கடைசியில் அடுத்த புக்கிங்குக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். செத்திருந்தால் கூப்பனை யாருக்கு அனுப்பியிருப்பார்கள்? நான் போட்ட ஒரு ஸ்டார் ரிவ்யூவையும் விதிகளுக்கு முரண் என்று தூக்கிவிட்டார்கள். அந்த விளம்பரம் இந்த நிமிடம் வரை அங்கேதான் இருக்கிறது, அதே சான்றிதழ் வரியோடு.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை என்று நீளமாக எழுத நினைத்திருந்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சில: கூட ஏறப்போகிறவரின் பெயரும் கைடு அட்டையின் போட்டோவும் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். வீடியோவில் பேசுகிறவர்தான் வருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். மழை நிபந்தனை விளம்பரப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சாட்டில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. முழுப் பணமும் முன்னால் கேட்டால் விட்டுவிடுங்கள், கிராமத்திலேயே போய் விசாரிக்கலாம். சொந்த ஹார்னெஸ், சொந்த ஹெல்மெட், புதுசாக நாலைந்து ஸ்லிங், வெட்டிக் கட்ட கொஞ்சம் கயிறு, ஒரு கத்தி. யார் என்ன சொன்னாலும் வெளுத்த ஸ்லிங்கில் தொங்காதீர்கள். கார்டில் கட்டுங்கள், போட்டோவெல்லாம் பத்திரம்.

இன்று காலை வங்கியில் 480 தினாருக்கும் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட், கயிறு, ஸ்லிங், ஹார்னெஸ் போட்டோ எல்லாம் இணைத்தாயிற்று. முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். இதே மாதிரி அங்கே மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், உங்கள் புகாரையும் சேர்த்து அனுப்பலாம்.