மச்சானுக்குப் போட்ட ஜெய்ப்பூர் கால்: ஒரு வருடத்துக்குப் பிறகு

மச்சான் முன்னாள் போராளி. 2009இல் முள்ளிவாய்க்காலில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பழைய பொய்க்காலின் பாதம் வெடித்துவிட்டதால் போன வருடம் யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒரு ஜெய்ப்பூர் கால் செய்தோம். ரப்பர் பாதம், செருப்பில்லாமலே நடக்கலாம், ஈரம் பட்டாலும் பரவாயில்லை, இப்போது வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்குகிறார், நல்லூர்க் கோயில் வீதியையும் வெறுங்காலோடு சுற்றி வந்தார். அளவெடுத்த பொடியனின் பொறுமையைச் சொல்லியே ஆகவேண்டும். கடிக்குது என்றதும் கழற்றி, தோல் சிவந்த இடத்தைப் பேனையால் வட்டம் போட்டு, பொய்க்காலில் அதற்கு நேரான இடத்தைச் சூடாக்கி விரித்து, மறுபடி நடக்கவிட்டுப் பார்த்தார். மூன்று தரம்!

காலில் குறையில்லை. ஆனால் இது ஒருமுறையோடு முடிகிற செலவில்லை, முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய கால் மெலிந்தாலோ பாதம் தேய்ந்தாலோ மாற்றவேண்டும். காயப்பட்ட இராணுவத்தினருக்கு ஓய்வூதியம் உண்டு, இவருக்கு அது கிடையாது. உழைக்கலாம் என்று ஒரு கடைக்குக் காவலாளி வேலை கேட்டுப் போனோம். முன்னாள் போராளிகளுக்குப் புனர்வாழ்வு முடிந்து விடும்போது கொடுத்த கடிதத்தைக் கண்டதும் "பிறகு சொல்றம்" என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய வலி.

சரி, கால் செய்யப் போகிறவர்கள் அரைக்காற்சட்டையும் இரண்டு சோடி பருத்திக் காலுறையும் கொண்டுபோங்கள்.