தமாக்சிஃபெனா, லெட்ரோசோலா?

நெய்யூரிலோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யிலோ மார்பகப் புற்றுநோய் சிகிச்சையை முடித்து ஊருக்கு வரும் அக்காமார் பலரிடம், குறைந்தது 5 ஆண்டு தினமும் போட வேண்டிய தமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் மாதிரியான மாத்திரை ஒன்று இருக்கும். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று வந்தவர்களுக்குத்தான் இது. அவர்களுடைய புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கான ஏற்பி உண்டு. ஹார்மோன் வந்து அதில் ஒட்டினால் செல் பெருகும்.

தமாக்சிஃபென் (20 மி.கி.) ஏற்பியில் முந்திப் போய் இடம்பிடித்துக்கொள்ளும். லெட்ரோசோல் (2.5 மி.கி.) ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமட்டேஸ் நொதியையே முடக்கும். மாதவிடாய் முழுவதும் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உண்டாகிறது, அங்கே இது நன்றாக வேலை செய்யும். நிற்காதவர்களுக்கு இதைத் தனியாகக் கொடுத்தால் சினைப்பை இன்னும் தூண்டப்படும். குழந்தையின்மை சிகிச்சையில் கருமுட்டை வளர இதே மாத்திரையைக் கொடுக்கிறார்களே, அந்தக் காரணம்தான். கீமோவால் மாதவிடாய் நின்ற 40 வயதுக்காரர், ‘எனக்கு நின்னாச்சு’ என்று நினைத்துவிடக் கூடாது; அது திரும்பி வரலாம். அவருக்குத் தமாக்சிஃபென், அல்லது சினைப்பையை அடக்கும் கோசரெலின் ஊசியோடு லெட்ரோசோல் மாதிரியான மாத்திரை.

சரி, வயதாகி நின்றவர்களுக்கு? என் ஓட்டு லெட்ரோசோலுக்கு. 2015இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வில், தமாக்சிஃபெனை 5 ஆண்டு போட்டவர்களைவிட இந்த வகை மாத்திரைகளைப் போட்டவர்களில், 10 ஆண்டுகளில் மார்பகப் புற்றால் இறப்பது ஒப்பீட்டளவில் சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது. தமாக்சிஃபெனில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, கர்ப்பப்பைப் புற்று ஆகிய அபாயங்கள் கொஞ்சம் கூடுதல். நின்றபின் ரத்தப்போக்கு வந்தால் உடனே காட்ட வேண்டும்.

ஆனால் லெட்ரோசோலின் மூட்டுவலி லேசானதல்ல. காலையில் விரல் மடங்காது. மார்த்தாண்டம் பக்கம் அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) பருப்புத் தோல் உரிப்பவருக்கு அது கூலியிலேயே கைவைக்கும். எலும்பும் தேயும், எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் சேர்ந்த செலவு. தமாக்சிஃபெனோ மாதவிடாய் நின்றவர்களின் எலும்பைக் காக்கும். வலி தாங்காமல் சொல்லாமலே மாத்திரையை நிறுத்துவதைவிட, டாக்டரிடம் கேட்டு லெட்ரோசோல் வகையிலேயே இன்னொன்றான எக்ஸிமெஸ்டேனுக்கோ தமாக்சிஃபெனுக்கோ மாறுவது எவ்வளவோ மேல். தினமும் நடந்தாலும் வலி ஓரளவு குறையும்.

அப்புறம், மனச்சோர்வுக்குப் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் சாப்பிடுபவர்கள் அதைப் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். உடலுக்குள் தமாக்சிஃபென் வீரியமாக மாறுவதை அவை தடுக்கும்.