ஈக்விஃபேக்ஸ் கசிவு: அதே ஓட்டைகள் உங்கள் சர்வரிலும் இருக்கலாம்

அமெரிக்காவில் வேலை பார்த்து சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகத் தரும் அடையாள எண்) வாங்கியவர்களும், ஓர் அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களும் இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வங்கிகளுக்கு விற்பது ஈக்விஃபேக்ஸின் தொழில். அதன் பட்டியலில் சேர யாரும் விண்ணப்பிப்பதில்லை. 2017-ல் அங்கிருந்து 14.79 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் திருடு போயின. பெயர், பிறந்த தேதி, பெரும்பாலானோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும். கார்டு எண் போனால் வேறு கார்டு வாங்கலாம். பிறந்த தேதிக்கு என்ன செய்வது?

இணையத் தளங்களை உருவாக்க உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டை அந்த ஆண்டு மார்ச் 7 அன்று வெளியே தெரிந்தது. அதை அடைக்கும் திருத்தமான பேட்சும் அன்றே வந்தது. 48 மணி நேரத்துக்குள் போட்டுவிடும்படி 9-ஆம் தேதி ஈக்விஃபேக்ஸின் 400-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போனது. கடன் அறிக்கையில் பிழை இருந்தால் மக்கள் முறையிடும் தளத்தில் ஸ்ட்ரட்ஸ் ஓடுவது தெரிந்த டெவலப்பரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளருக்கு வந்தது, அவர் அனுப்பவில்லை. பிறகு நடந்த ஸ்கேன் மேல் ஃபோல்டரை மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் இருந்ததோ உள் ஃபோல்டரில். 'ஒன்றும் இல்லை' என்ற முடிவை அப்படியே நம்பிவிட்டார்கள். பேட்ச் போடச் சொல்வதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் எந்த அலுவலகத்திலும் இது நடக்கும்.

மே 13-ல் உள்ளே வந்தவர்களுக்குப் பொது ஃபோல்டர் ஒன்றில் மறையாக்கம் செய்யாத, அதாவது அப்படியே படிக்கக்கூடிய யூசர்நேம், பாஸ்வேர்டுகள் கிடைத்தன. அந்தத் தளத்துக்குத் தேவை 3 டேட்டாபேஸ்கள்தான். நெட்வொர்க்கில் தடுப்பு இல்லாததால் சம்பந்தமே இல்லாத 48 டேட்டாபேஸ்கள் வரை போனார்கள். அங்கே தகவல் தேடி சுமார் 9,000 வினவல்கள் ஓட்டினார்கள். அவற்றில் 265 தனிநபர் விவரங்களைக் கொடுத்தன. 76 நாள் யாருக்கும் தெரியவில்லை. நெட்வொர்க்கில் மறையாக்கப்பட்டுப் போகும் தரவைப் பிரித்துப் பார்க்கும் கருவிக்குத் தேவையான சர்டிபிகேட் (குறிப்பிட்ட காலம் மட்டும் செல்லும் டிஜிட்டல் சான்று) காலாவதியாகிக் கிடந்ததே அதற்குக் காரணம். ஜூலை 29-ல் புதுப்பித்த உடனே திருட்டு கண்ணில் பட்டது. இதே நிறுவனத்தில் காலாவதியான சர்டிபிகேட்டுகள் 300-க்கும் மேல் இருந்தன என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

மக்களுக்குச் சொன்னது செப்டம்பர் 7-ல். தனியாக ஒரு தளம் திறந்து, 'உங்கள் விவரம் போயிற்றா என்று பார்க்க' சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களைக் கேட்டார்கள். அந்தத் தளத்தின் பெயரைத் திருப்பிப் போட்டு வேறொருவர் உருவாக்கிய போலித் தளத்தின் முகவரியை, நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே மக்களுக்குக் கொடுத்தது.

தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஸ்மித் அந்த மாதமே விலகினார். 2019-ல் அமெரிக்க அரசு அமைப்புகளுடன் குறைந்தது 57.5 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. ஆளுக்கு 125 டாலர் வரை வாங்கலாம் என்றார்கள். அதற்கு ஒதுக்கியதோ 3.1 கோடி டாலர். 2,48,000 பேருக்கு மேல் கேட்டால் முழுத் தொகை வராது. கேட்டவர்கள் குவிந்தார்கள், பங்கும் சுருங்கியது.

அமெரிக்க எண் வைத்திருப்பவர்கள் ஈக்விஃபேக்ஸ், அதே தொழில் செய்யும் எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் தனித்தனியாகக் கிரெடிட் ஃப்ரீஸ் (உங்கள் பெயரில் வேறொருவர் புதுக் கடன் வாங்க முடியாதபடி கடன் அறிக்கையைப் பூட்டுவது) போடுங்கள். ஒன்றில் போட்டால் மற்ற இரண்டிலும் ஆகாது. 2018 செப்டம்பர் முதல் இது இலவசம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் போடலாம். கடன் வாங்கும்போது ஆன்லைனில் நீக்கக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் நீக்கியாக வேண்டும்.

சர்வர் பார்ப்பவர்கள் எந்த இயந்திரத்தில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, யார் பொறுப்பு என்று இந்த வாரமே எழுதிவையுங்கள். பேட்ச் போட்டபின் பதிப்பு எண்ணை இன்னொருவர் நேரில் பார்க்கட்டும். சர்டிபிகேட் முடிவதற்கு 30 நாள் முன்பே இரண்டு பேருக்கு எச்சரிக்கை போகும்படி வையுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் லாக்குகளை (சர்வரில் நடப்பவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். அதை யார் அனுப்புவது, நள்ளிரவில் அவரை எந்த எண்ணில் பிடிப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.